எட்டு சுவிட்ச், ஒரு மயில்

"மாமா, பரங்கிப்பேட்டை பாய் சிங்கப்பூரிலிருந்து வந்துவிட்டார். சிப்பு இரண்டும் வந்துவிட்டது. அத்தர் பாட்டிலோடு ஒரே டப்பாவில் வைத்துக் கொண்டாந்திருக்கிறார், முகர்ந்தால் மயக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பாக வரவும். ஈயம் வாங்கி வரவும். அக்காவையும் அழைத்து வரவும்."

இது சிதம்பரத்திலிருந்து என் மச்சான் எனக்கு எழுதிய அஞ்சலட்டை. என் மனைவியின் தம்பி. ஈயத்துக்கு அடுத்த இடத்தில்தான் அக்கா வருகிறார் என்பதை என் மனைவி அன்றே கவனித்துவிட்டாள். அட்டையின் மூலையில் 7-11 என்று தேதி இருக்கிறது. ஆண்டு இல்லை. அஞ்சல் முத்திரையில் ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மைக்குளம்.

ஆனால் ஆண்டைக் கண்டுபிடிப்பதில் எனக்குச் சிரமமே இல்லை. என் மாமனார் ருதிரோத்காரி வருடம் தை மாதம் பிறந்தவர். தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றி அதே ருதிரோத்காரி திரும்பி வந்த தை மாதத்தில்தான் அவருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. இந்த அட்டை அதற்கு முந்தைய ஐப்பசியில் வந்தது. ஆக 1983, நவம்பர் 7, திங்கட்கிழமை. இது போதாதென்றால் சிப்பின் முதுகிலேயே 8322 என்று அச்சடித்திருக்கிறது: எண்பத்து மூன்றாம் ஆண்டின் இருபத்திரண்டாம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஒரு சான்று பஞ்சாங்கத்திலிருந்து, இன்னொரு சான்று சிலிக்கானிலிருந்து. இரண்டும் ஒத்துப்போனதைக் கண்ட அன்று நான் இரண்டாவது டம்ளர் காப்பி கேட்டேன். இந்த மாதிரி விஷயங்களுக்கு எங்கள் வீட்டில் இரண்டாவது காப்பி தருவதில்லை.

அப்போது நான் கடலூரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மச்சான் பி.எஸ்சி. முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் அப்பா வீட்டில் ரேடியோக்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிரித்தவற்றில் பாதி மறுபடி பாடின. எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம். உலகத்தில் எங்கோ சில பேர் தங்கள் வீட்டு மேசையிலேயே கம்ப்யூட்டர் கட்டுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தோம். அவர்களால் முடியுமென்றால் நம்மால் ஏன் முடியாது என்ற கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்த ஞாயிறு மழை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ் பாதி வழியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று. என் மடியில் ஒரு மரப்பெட்டி. அதன் மேல் எட்டு சுவிட்சுகள், வீட்டுச் சுவரில் இருக்கிற அதே கறுப்பு பேக்கலைட் சுவிட்சுகள். ஓரத்தில் ஒரு காலிங் பெல் பட்டன். திருப்பாதிரிப்புலியூர்க் கடையில் வாங்கும்போது கடைக்காரர் விசாரித்திருந்தார்.

"வீடு கட்றீங்களா சார்? எத்தன ரூமு?"

"ரூமே இல்லீங்க."

"ரூமே இல்லாத வீட்டுக்கு எட்டு சுவிட்சா? வாசல் இல்லாமயே காலிங் பெல்லு வேறயா?"

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் புவனகிரி வரும்வரை பொறுத்துப் பார்த்தார். அதற்கு மேல் முடியவில்லை. "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சுவிட்சைக் கீழே தட்டினார். ஒன்றும் எரியவில்லை. பஸ்ஸின் கூரை விளக்கை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு சுவிட்சை மறுபடி மேலே தள்ளினார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது.

எங்கள் கம்ப்யூட்டருக்கு இரண்டே சிப்புதான். ஒன்று கணக்குப் போடும். மற்றது 256 எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். வெளியே விளக்கு எதையாவது ஏற்றி அணைக்க அதிலேயே கால்கள் உண்டு. டைப் அடிக்கிற பலகை கிடையாது, திரை கிடையாது. ஓர் எண்ணை உள்ளே அனுப்ப எட்டு சுவிட்சையும் சரியாக வைக்க வேண்டும், கீழே என்றால் ஒன்று, மேலே என்றால் சைபர். வைத்துவிட்டுக் காலிங் பெல்லை அமுக்க வேண்டும். பிறகு அடுத்த எண்ணுக்கு மறுபடி எட்டு சுவிட்ச். ஒரு சின்ன புரோகிராமுக்கு இப்படி எழுபது எண்பது தடவை. நடுவில் கரண்ட் போனால் எல்லாம் மறந்துபோகும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று ஞாயிறுகள் பற்றவைத்தோம். வயர்களை ஒருவன் பிடித்துக்கொள்ள மற்றவன் ஈயம் வைப்பான். சிப் சூடானதும் அதிலிருந்து அத்தர் வாசனை கிளம்பும். சிங்கப்பூர் டப்பாவில் ஊறிய வாசனை. ஒரு முறை பவர் சப்ளையைத் தலைகீழாக மாட்டிவிட்டோம். நல்லவேளையாக வெடித்தது ஒரு சின்ன கெப்பாசிட்டர் மட்டும். அறை முழுக்கப் புகையும் அத்தரும் கலந்து எழ, அடுக்களையிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், எட்டிப்பார்த்தார். "யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டுக்கு முன்னால், அது வேலை செய்தது. எங்கள் முதல் புரோகிராம் ஒரே ஒரு சின்னச் சிவப்பு விளக்கை ஏற்றி, கொஞ்சம் பொறுத்து, அணைத்து, மறுபடி ஏற்றியது. நாங்கள் தொடாமல் அதுவே செய்தது. மச்சான் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். நான் அவனைக் குலுக்கினேன். என் மனைவி ஓடி வந்து பார்த்துவிட்டுக் கை தட்டினாள். அத்தை கற்பூரம் கொண்டுவந்து காட்டினார். விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே அதை ஏற்றுக்கொண்டது.

என் மாமனார் முன் ரூமிலிருந்து வந்தார். கீரப்பாளையத்தில் நிலம் வைத்திருந்தவர், சிதம்பரத்தில் வீடு. வீட்டின் தெருப்பக்க அறையைத்தான் முன் ரூம் என்போம். அதில் ஜன்னலின் மேல்சட்டம் வரை நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். அவர் அந்தச் சிவப்பு விளக்கைக் குனிந்து பார்த்தார்.

"இதுக்குத்தான் இத்தன நாளா?"

"ஆமாப்பா. தானா எரிஞ்சி தானா அணையுது பாருங்க."

மாமனார் சுவருக்குப் போனார். டியூப்லைட் சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. தட்டினார். அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

"இந்தா, நானும் கம்ப்யூட்டர்தான்" என்றார்.

சாப்பாட்டின் போது விஷயம் வெளியே வந்தது. செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் மச்சானுக்கு ஷிப்ட் வேலைக்கு அவர் சொல்லி வைத்திருந்தார். கையில் ஆர்டரும் வந்துவிட்டது. மச்சானுக்கோ அந்த முன் ரூமில் ஒரு கடை போட வேண்டும்; ரேடியோ, டேப் ரெக்கார்டர், இனிமேல் வரப்போகிற டி.வி., அதற்கும் பிறகு வரப்போகிற கம்ப்யூட்டர் எல்லாம் பார்க்கிற கடை.

"எனக்கு கெமிஸ்ட்ரியில ஜஸ்ட் பாஸுப்பா. நான் அங்க போனா எனக்கு ஒண்ணும் ஆவாது, கம்பெனிக்குத்தான் ஆபத்து."

"வெளக்க ஏத்தி அணைக்கறவனுக்கு எவன்டா காசு குடுப்பான்?"

"லைட் செட்காரருக்குக் குடுக்கறீங்களேப்பா" என்றாள் என் மனைவி, ரசம் ஊற்றியபடி.

மாமனார் கையை இலையிலேயே வைத்தபடி யோசித்தார். தையில் அவருடைய அறுபதாம் கல்யாணம். வாசலில் வைக்க லைட் செட்காரரிடம் மயில் சொல்லியிருந்தார். ஆள் உயரப் பலகையில் மயில், தோகையில் எட்டு வரிசைக் கலர் பல்புகள், ஒவ்வொரு வரிசையாக எரிந்து தோகை விரிவதுபோல் தெரியும். அதை ஓட்டுவது ஒரு மர டிரம். மோட்டார் டிரம்மைச் சுற்ற, டிரம்மில் அடித்த பித்தளைத் தகடுகள் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு விளக்கை ஏற்றும். படபடவென்று பொறி பறக்கும். வட்டாரத்தில் அநேகமாக எல்லாக் கல்யாணத்திலும் அந்த மயில்தான்.

"சரி. அந்த மயில உங்க மெசினு ஓட்டட்டும். சாயங்காலம் ஆரம்பிச்சி கடைசிப் பந்தி எழுந்திருக்கற வரைக்கும் ஓடுச்சின்னா முன் ரூமு உனக்கு. நடுவுல நின்னு டிரம்ம மாட்ற மாதிரி ஆச்சின்னா, மறுவாரம் நீ செம்மங்குப்பத்துல டூட்டி. மாப்ள, நீங்கதான் சாட்சி."

"நானும் இதுல ஒரு கைங்க மாமா" என்றேன்.

"அப்ப உங்க வீட்டுக்காரி சாட்சி."

இப்படித்தான் ஒரு மயில் எங்கள் தலையில் ஏறியது.

விளக்குகளை ஏற்ற டிரம் வேண்டாம், எட்டு எஸ்.சி.ஆர். போதும். விரல்நுனி அளவில் ஒரு பொருள். சிப் ஒரு சின்னச் சைகை கொடுத்தால் மெயின் கரண்டையே திறந்துவிடும். இந்த மின் பகுதியை மச்சான் கட்டினான். புரோகிராமை நான் எழுதினேன். முதல் இறகு, இரண்டாம் இறகு என்று எட்டாவது வரை நிதானமாக விரிய வேண்டும், எல்லாம் எரிந்து ஒரு கணம் நிற்க வேண்டும், பிறகு மடிய வேண்டும். சிப்பின் வேகத்துக்கு விட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால் ஒவ்வோர் இறகுக்கும் நடுவில் ஒன்றுமில்லாத ஒரு கணக்கைக் கொடுத்து அதை எண்ண வைத்துத் தாமதப்படுத்தினேன். ஓடுகிறவனை நிறுத்தி நூறு வரை எண்ணச் சொல்கிற மாதிரி. இந்தச் சிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த எண்ணிக்கைக்குச் சைபர் என்று கொடுத்தால், அது 256 தடவை எண்ணும். இருப்பதிலேயே நீளமான தாமதம் சைபர்தான்.

சோதனையின்போது சின்ன பல்புகளை வைத்து ஓட்டிப் பார்த்தோம். இறகு இறகாக விரிந்தது. மச்சான் அறைக்குள் மயில் மாதிரியே நடந்து காட்டினான். என் மனைவி, "உங்க மயிலவிட இவன் நல்லா இருக்கான்" என்றாள்.

நான் எழுதிய தாள் அடித்தலும் திருத்தலும் அம்புக்குறிகளுமாக இருந்தது. "கல்யாண வீட்ல இதையா வெச்சிக்கப் போறீங்க?" என்று அவள்தான் ஒரு நல்ல தாளில் அழகாகப் பிரதி எடுத்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். இரட்டை இரட்டையாக எழுத்துகள்: மூன்று ஈ, டி மூன்று, சி இரண்டு. ஒன்பதுக்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்தில் எழுதுவது கம்ப்யூட்டர் வழக்கம். பார்ப்பவர்களுக்கு அது ஜாதகக் கட்டம் மாதிரி இருந்திருக்கும்.

அறுபதாம் கல்யாணம் காலையில் நடந்தது. மாமனார் அத்தைக்கு இரண்டாம் முறை தாலி கட்டினார். அப்போதுகூட அவருடைய ஒரு கண் வாசல் பக்கம் மயில் மீது இருந்ததாக அத்தை பிற்பாடு சொன்னார். பகலில், என் கிறுக்கல் தாளை வைத்துக்கொண்டு புரோகிராமை ஏற்றினோம். மாலை விளக்கு வைக்கிற நேரத்தில் மயிலுக்கு இணைப்புக் கொடுத்தோம். விரித்தது. நிதானமாக, எண்ணி எண்ணி, எட்டு இறகையும்.

லைட் செட்காரர் தன் டிரம்மைப் பந்தல்காலுக்குப் பக்கத்தில் தயாராக வைத்து, அதன்மேல் கை போட்டு உட்கார்ந்திருந்தார். மாமனார்தான் வரச்சொல்லியிருந்தார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா சத்தமே இல்லியே. மயிலு ஊமையா?"

"சத்தம் வேணும்னா நீங்க பக்கத்துல நின்னு அகவுங்கண்ணே" என்றான் மச்சான்.

விருந்தினர்கள் வர ஆரம்பித்தார்கள். வாசலில் பெண்கள் பன்னீர் தெளித்தார்கள். நான் வருகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டபடி அங்கேயே நின்றேன். வந்தவர்களுக்குத் தெளித்ததில் பாதி என்மேல் விழுந்தது. சட்டைப் பையில் என்ன இருக்கிறதென்று அப்போது நினைவில்லை.

முதல் பந்தி பாதியில் கரண்ட் போயிற்று.

தெரு முழுக்க ஒரு "ஓ". பிறகு பாத்திரச் சத்தம் மட்டும். லைட் செட்காரரின் ஜெனரேட்டர் இருமிவிட்டுக் கிளம்பியது. பந்தலில் டியூப்லைட்டுகள் வந்தன. மயில் மட்டும் இருட்டாக நின்றது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் இருந்தது, நினைவுதான் இல்லை.

லைட் செட்காரர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "பாத்தீங்களா? கரண்டு வந்ததும் என் டிரம்மு தானா சுத்தும். உங்க மெசினு எல்லாத்தையும் மறந்துட்டு நிக்குது. அதுக்கும் அறுவது வயசாச்சா?"

மாமனார் மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது. "என்னடா, டிரம்ம மாட்டலாமா?"

"கடைசிப் பந்தி இன்னும் இருக்குதுப்பா! பத்து நிமிசம்!"

"நடுவுல நின்னா டிரம்முன்னு சொன்னேன்."

"மயிலு நிக்கலப்பா, கரண்டு நின்னுது. கரண்டு உங்க பொறுப்பு!"

பந்தலில் சிரிப்பு. மாமனாரும் சிரித்துவிட்டார் போல, ஏனென்றால் "பத்தே நிமிசம்" என்ற பதில் வந்தது. நான் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். பன்னீரில் ஊறி, மை ஊதாக் குளமாக ஓடியிருந்தது. அதில் படிக்கக்கூடிய ஒரே எழுத்து, எழுத்தர் பழக்கத்தில் அடியில் நான் போட்டிருந்த கையெழுத்து.

மச்சான் தாளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "மாமா, நான் செம்மங்குப்பம்" என்றான் மெதுவாக.

"நல்ல பிரதி எங்கிட்ட இருக்குது" என்று என் மனைவி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். நகைப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். திரும்பி வந்து ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று, மஞ்சள் தடவிய அந்தத் தாளை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்தாள்.

"மூணு ஈ!"

மச்சான் சுவிட்சுகளைத் தட்டிக் காலிங் பெல்லை அமுக்கினான்.

"சைபர் ஒண்ணு!"

ஜெனரேட்டர் சத்தத்தில் அவள் குரல் மச்சானுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியப்பா அதையே உரக்கத் திருப்பிச் சொன்னார். அடுத்ததை அவரோடு நான்கு பேர் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலே சொன்னது.

"டி மூணு!"

"டி மூணுஉ!"

"சி ரெண்டு!"

"சி ரெண்டுஉ!"

"என்ன மந்திரம்மா இது?" என்று ஒரு சித்தப்பா கேட்டார்.

"மயில் மந்திரம் சித்தப்பா. குறுக்கப் பேசாதீங்க, ஒண்ணு தப்பிச்சின்னா மறுபடி மொதல்லேர்ந்து சொல்லணும்."

சித்தப்பா பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எச்சில் கையோடு எட்டிப்பார்த்தார்கள். பாயசம் பரிமாறுகிறவர் வாளியோடு நின்று ஒவ்வோர் எண்ணுக்கும் கரண்டியை ஒரு தட்டுத் தட்டினார். மேடையில் என் மாமனார் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பக்கத்தில் இருந்த அத்தை பிறகு சொன்னார். அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். நெல் அளக்கும்போது ஒன்று என்று ஆரம்பிக்கமாட்டார்கள், லாபம் என்று ஆரம்பிப்பார்கள். அந்தப் பழக்கத்திலேயே, மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று ஒவ்வொரு பெல்லுக்கும் ஒன்று.

கடைசி எண் போயிற்று.

"எழுவத்தொண்ணா?" என்றார் மேடையிலிருந்து.

மச்சான் திகைத்துத் திரும்பினான். "ஆமாப்பா, எழுவத்தொண்ணுதான்!"

"ஒண்ணுல முடியுது. நல்லது. ஓட்டு."

மச்சான் ஓட்டினான்.

மயில் விரிக்கவில்லை. எட்டு இறகும் ஒரே சமயத்தில் எரிந்தன, முழு வெளிச்சத்தில் அல்ல, பாதியில். அந்தப் பாதி வெளிச்சமும் நிற்காமல் நடுங்கியது. பச்சையும் நீலமுமாகத் தோகை முழுக்கச் சிலிர்த்துச் சிலிர்த்து அலை போயிற்று. ஒரு வரிசையும் தனியாக எரியவில்லை, ஒரு வரிசையும் அணையவில்லை.

லைட் செட்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "மயிலுக்குக் குளிர் ஜுரம் தம்பி. கம்பளி கொண்டாங்க."

மச்சான் சுவிட்ச் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக் குனிந்துவிட்டான். எங்கோ ஓர் எண் தப்பு. மறுபடி எழுபத்தொன்றையும் ஏற்ற நேரம் இல்லை. கேட்ட பத்து நிமிஷமும் எப்போதோ தீர்ந்துவிட்டது. என் மனம் செம்மங்குப்பத்துக்குப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்திருந்தது.

மாமனார் மேடையிலிருந்து இறங்கினார். மாலையோடு, பட்டு வேட்டியோடு, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மயிலுக்கு முன்னால் நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பின்னால் இரண்டடி போய்ப் பார்த்தார்.

"ஏம்ப்பா லைட்டு" என்றார் லைட் செட்காரரிடம். "நீ மயிலு பாத்திருக்கியா?"

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க. இருவது வருசமா நான்தான் மயிலு வெக்கறேன்."

"பலகை மயிலு இல்லப்பா. நெச மயிலு. நெச மயிலு தோகைய ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிகிட்டா விரிக்குது? விரிச்சிட்டு நின்னு சிலுப்பும். உடம்பு பூரா சிலுப்பும். இதான்டா மயிலு!" மச்சான் முதுகில் ஒரு அறை விழுந்தது. "சாயங்காலம் ஓடுச்சே, அது என்னா? பாய் சுருட்டற மாதிரி. இது எப்படிடா பண்ணீங்க?"

மச்சான் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"சிலுப்பு புரோகிராம் மாமா" என்றேன். "ராத்திரிப் பந்திக்குன்னு தனியா வெச்சிருந்தோம்."

"உன் டிரம்மு இப்படிச் சிலுப்புமா?" என்று மாமனார் லைட் செட்காரரைப் பார்த்தார்.

"அந்த வேகத்துல சுத்துனா டிரம்மு கழண்டுகிட்டு நேரா தேரடிக்கே போய்டுங்க" என்றார் அவர். ஏமாற்றம் கொஞ்சமும் இல்லாமல் சொன்னார். பிறகு எங்கள் பெட்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். "அத்தர் வாசன வேற அடிக்குது" என்று ஆச்சரியப்பட்டார்.

கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை மயில் சிலுப்பியது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாட்டியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுபடி கரண்ட் வந்தபோது ஜெனரேட்டரை நிறுத்த வேண்டாம் என்று மச்சான் லைட் செட்காரரின் கையைப் பிடித்துக் கெஞ்சினான். மாற்றுகிற அந்த ஒரு நொடியில் மயில் மறந்துவிடும், திரும்ப இந்தத் தப்பை எப்படிச் செய்வதென்று எங்களுக்குத் தெரியாது.

தப்பு என்னவென்று சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. மூன்று பேரும் ஒரே வரிசையில். நான் மஞ்சள் தாளை இலைக்குப் பக்கத்தில் விரித்து ஓரோர் எண்ணாகப் பார்த்தேன். என் தாளில் சைபர் சைபர் இருந்த இடத்திலெல்லாம் இதில் சைபர் ஒன்று.

"இது என்னா?"

"நான்தான் மாத்துனேன்" என்றாள் மனைவி, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "எங்கப்பா நல்ல காரியத்துல எடத்துக்கு எடம் சைபர் சைபர்னா எழுதுவீங்க? மொய்யே நூறுன்னு வெக்க மாட்டோம், நூத்தியொண்ணுன்னுதான வெப்போம். ஒரு ஒண்ணு சேத்தா என்னா ஆயிடப் போவுதுன்னு..."

"என்னா ஆச்சின்னா" என்றேன். ஆனால் மேலே சொல்ல முடியவில்லை. எனக்கும் மச்சானுக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மச்சானுக்குப் புரையேறி, பரிமாற வந்தவர் அவன் தலையில் தட்டினார்.

256 தடவை எண்ண வேண்டிய தாமதத்தை, அவள் மொய் வைத்ததால், சிப் ஒரே ஒரு தடவை எண்ணியிருக்கிறது. அதனால்தான் அந்த வேகம், அந்தச் சிலுப்பு. மற்றச் சைபர்களெல்லாம் 'இந்த இடத்துக்குப் போ' என்று சொல்கிற முகவரிகளின் முன்பகுதி. அங்கே ஒன்று வந்தால் நியாயமாக சிப் இல்லாத இடத்துக்குப் போய்த் தொலைந்திருக்க வேண்டும். ஆனால் வயர் மிச்சம் பிடிக்க, முகவரியின் முன்பகுதிக்கான கம்பிகளை நாங்கள் இணைக்கவே இல்லை. அதனால் சைபர் என்றாலும் ஒன்று என்றாலும் எங்கள் மெஷினுக்கு ஒரே தெரு, ஒரே வீடு. எங்கள் சோம்பேறித்தனமும் அவள் மொய்யும் சேர்ந்து மயிலைக் காப்பாற்றின. எங்கள் திறமைக்கு அதில் பங்கு கொஞ்சம்தான்.

மறு வாரம் மச்சான் செம்மங்குப்பம் போகவில்லை. முன் ரூமில் பெயர்ப்பலகை மாட்டினான். முதல் வாடிக்கையாளர் லைட் செட்காரர். மூன்று கல்யாணத்துக்குச் சிலுப்பு மயில் கேட்டு வந்தார். சிலுப்பு எங்களுக்கு அதற்குள் மனப்பாடம். கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. ரேடியோ போய், டி.வி. வந்து, டி.வி. போய், இப்போது சி.சி.டி.வி. கேமராவும் மொபைல் கவரும். சென்ற மாதம் நானும் மனைவியும் போயிருந்தபோது மச்சான் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினான். தூசு தட்டிக் கரண்ட் கொடுத்தோம். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு மஞ்சள் தாளைப் படித்தாள். இரண்டு சுவிட்ச் துருப்பிடித்திருந்தன. மூன்றாவது முறையில் எட்டு சின்ன விளக்குகளும் சிலுப்பின. மச்சானுக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. கடைக்குள் மறுபடி மயில் நடை நடந்து காட்டினான். கவர் வாங்க வந்த பெண் மொபைலில் அதைப் படம் பிடித்துக்கொண்டாள். அத்தர் வாசனை வந்ததென்று அவன் சொல்கிறான். எனக்கு வரவில்லை. மனைவி, வந்தது, ஆனால் அவன் சட்டையிலிருந்து என்கிறாள்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் பாக்கி. அறுபதாம் கல்யாணத்தன்று வாசலில் எடுத்த குடும்பப் படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பின்னணியில் முன் ரூம் ஜன்னல் திறந்திருக்கிறது. உள்ளே தெரிவது வெறும் சுவர். ஜன்னலின் மேல்சட்டம் வரை நின்ற மூட்டைகள் ஒன்றுகூட இல்லை. அந்தப் படம் காலையில் எடுத்ததென்றால், மயில் சிலுப்புவதற்கு முன்பே, பந்தயம் முடிவதற்கு முன்பே, என் மாமனார் அறையைக் காலி செய்துவிட்டார் என்று ஆகும். இரவில் எடுத்ததென்றால் அப்படி ஆகாது. படத்தில் வெயிலும் இல்லை, விளக்கும் இல்லை. மேகமூட்டமாகவும் இருக்கலாம், ஃபிளாஷாகவும் இருக்கலாம். பின்பக்கம் ஸ்டுடியோ முத்திரை மட்டும், நேரம் இல்லை. மனைவி, அந்த நெல்லெல்லாம் விருந்துக்கு அரைக்கப் போயிருக்கும் என்கிறாள். மச்சான், அப்பா அப்படிப்பட்ட ஆளே இல்லை என்கிறான். அத்தை இருந்தவரை, கேட்கும்போதெல்லாம் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். மூட்டைகள் எந்த நேரத்தில் வெளியேறின என்பதை என்னால் இதுவரை சரிபார்க்க முடியவில்லை.